எழிலும் அதன் எழுத்துப் பெட்டியும்

முத்து அண்ணாமலை தொடங்கிய 'எழில்' நிரல்மொழியில் எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு, எழுத்தைக் கையாளும் வேலையை 'ஓப்பன்-தமிழ்' என்று தனி நூலகமாகப் பிரித்தது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்னன்னு பைத்தானைக் கேட்டா 5 என்கும். இந்த நூலகம் சரியாக 3 எழுத்தைப் பிரித்துத் தரும். எழில் தெரியாதவர்களுக்கும் இது உதவும்.

ஆனா பிரித்த பிறகு வெளியீடும் இரண்டாகிவிடுகிறது. எழில் எழுதப்பட்டிருப்பதோ பைத்தானில், அதுவும் நிற்காது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அடியில் எது மாறினாலும் மேலே இருக்கும் மொழி உடையலாம். எந்தப் பதிப்பு எதோடு ஓடும் என்று ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு வரி சொல்லியே ஆகணும்.

எங்க பாகூர் பக்கம் ஒரு மாணவி முதன்முதலா 'பதிப்பி' கட்டளையை அடித்து, பதிலுக்குப் பிழைச்செய்தி வந்தால், பதிப்புச் சிக்கல்னு நினைக்கமாட்டா. தமிழில் இதெல்லாம் நடக்காதுன்னு மூடி வைத்துவிடுவா.