கருந்துளைப் போரில் வென்றவர் யார்?
லெனாட் சஸ்கிண்டின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

விஞ்ஞான நூல்கள் இரு வகைப்படும். முடிந்த முடிபுகளை நிரல்பட வகுத்துரைப்பன ஒரு வகை. அம்முடிபுகளை அடைதற்கு அறிஞர் பட்ட பாட்டையும், அவர்தம்முள் நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களையும் எடுத்துரைப்பன மற்றொரு வகை. முன்னையன பரீட்சைக்குப் பயன்படுவன. பின்னையன சிந்தனைக்குப் பயன்படுவன. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் லெனாட் சஸ்கிண்ட் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கருந்துளைப் போர்’ என்னும் ஆங்கில நூல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. குவாண்டம் பொறியியலை அழிவினின்றும் காத்தற்பொருட்டு ஸ்டீபன் ஹோக்கிங்கோடு தாம் நடத்திய போர் என்று அதன் துணைத்தலைப்பிலேயே ஆசிரியர் கூறிவிடுகின்றார். போர் என்றால் வெற்றி தோல்வி உண்டு. வென்றவர் யார் என்பதையும் நூல் ஐயமின்றி அறிவிக்கின்றது. அவ்வறிவிப்புத் தகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வழக்கின் வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். பொருள்கள் யாவற்றிற்கும் எந்திரப்பி என்னும் கணியம் ஒன்று உண்டு. புறத்தே காணப்படும் வெப்பநிலை, அமுக்கம் முதலியவற்றை அறிந்த பின்னரும், ஒரு பொருளின் அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பது பற்றி அறியப்படாது எஞ்சியிருக்கும் தகவலின் அளவே எந்திரப்பி எனலாம். தனித்திருக்கும் தொகுதியில் இது குறைவதில்லை என்பது வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி. கொதிக்கும் தேநீரையும் ஆறிய தேநீரையும் ஒன்றாகக் கலந்தால் உலகின் எந்திரப்பி கூடுகின்றது. அதனை மீட்டல் இயலாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோன் வீலர் என்னும் பேராசிரியர் தம் மாணாக்கராகிய ஜேக்கப் பெக்கன்ஸ்டைனிடம் இதனை ஒரு வேடிக்கை வினாவாக்கினார். தேநீர்க் கிண்ணங்கள் இரண்டையும் ஒரு கருந்துளையுள் எறிந்துவிட்டால், தாம் செய்த குற்றத்தின் சான்று மறைந்துவிடுமன்றோ என்று அவர் கேட்டார்.

மாணாக்கர் அதனை வேடிக்கையாகக் கொள்ளவில்லை. கருந்துளைக்கும் எந்திரப்பி உண்டு. அது அத்துளையின் எல்லைப்பரப்புக்கு விகிதசமமானது என்று 1972ஆம் ஆண்டு முதலாக அவர் எழுதலானார். கருந்துளையின் எல்லைப்பரப்பு ஒருபோதும் குறையாது என்று 1971இல் நிறுவியவர் ஹோக்கிங்கே. எனினும் பெக்கன்ஸ்டைனின் கொள்கையை அவர் முதலில் ஏற்றிலர். எந்திரப்பி உண்டாயின் வெப்பநிலையும் உண்டு. வெப்பநிலை உண்டாயின் கதிர்வீசலும் வேண்டும். யாதொன்றையும் வெளிவிடாத கருந்துளை எங்ஙனம் கதிர்வீசும் என்பது அவர் தடை. அத்தடையைத் தாமே கணித்து ஆராயப் புகுந்த ஹோக்கிங், கருந்துளை கதிர்வீசவே செய்கின்றது என்று 1974இல் கண்டார். எல்லைப்பரப்பைப் பிளாங்கின் அலகிலே அளந்து நான்கால் வகுக்க வருவதே அதன் எந்திரப்பி என்பதும் துணியப்பட்டது. சூரியனுடைய திணிவுள்ள கருந்துளையின் ஆரை ஏறக்குறைய 3 கிலோமீற்றர். அதன் எந்திரப்பியோ 1ஐத் தொடர்ந்து 77 பூச்சியங்கள் இட்டு எழுதத்தக்க பேரெண். ஒளிவிடும் சூரியனின் எந்திரப்பி இதனிற் கோடானுகோடி மடங்கு சிறியது.

இப்பகுதியை விளக்குவதிலே சஸ்கிண்டின் ஆற்றல் பாராட்டுக்குரியது. ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டனுள் ஒன்றை மாத்திரம் கூறவல்ல மிகச் சிறிய தகவற்றுணுக்கைப் பிட் என்பர். அத்தகைய பிட் ஒன்றைக் கருந்துளையுள் இட்டால் அதன் எல்லைப்பரப்பு எவ்வளவு கூடும் என்ற பெக்கன்ஸ்டைனின் கணிப்பைப் பாடசாலைக் கணிதம் அறிந்தவரும் பின்பற்றுமாறு அவர் படிப்படியாக நடத்திச் செல்கின்றார். விடை ஏறத்தாழப் பிளாங்கின் நீளத்தைப் பக்கமாகக் கொண்ட ஒரு சதுரம். ஒரு நூலகத்தில் எத்தனை நூல்கள் அடங்கும் என்பதை அதன் கனவளவு தீர்மானிக்கும் என்றே எவரும் கருதுவர். கருந்துளையிலோ சுவரின் பரப்பே தீர்மானிக்கின்றது. இவ்வியப்பை வாசகன் தானே கண்டடையும்படி செய்தமை ஆசிரியரின் கைவன்மைக்குச் சான்று.

இனி வழக்கிற்கு வருவோம். கதிர்வீசும் கருந்துளை சத்தியை இழந்து சுருங்கி, ஈற்றில் மறைந்துபோதல் வேண்டும். அதனுள் வீழ்ந்த பொருள்களைப் பற்றிய தகவல் என்னாயிற்று? கதிர்வீசல் முற்றும் ஒழுங்கற்ற வெப்பக் கதிர்ப்பாகலின் அதனிடத்து யாதொரு செய்தியும் இல்லை. ஆகவே தகவல் அடியோடு அழிந்தது என்று 1976இல் ஹோக்கிங் முடிவு கூறினார். குவாண்டம் பொறியியல் இதனை ஒவ்வாது. ஒரு தொகுதியின் இன்றைய நிலை முழுதும் அறியப்படின் அதன் நேற்றைய நிலையும் கணிக்கத்தக்கது என்பது அதன் அடிப்படை. எரிந்துபோன ஏட்டின் எழுத்துங்கூடச் சாம்பலிலும் புகையிலும் ஒளியிலும் சிதறிக் கிடக்கின்றதேயன்றி அழிந்தொழிந்ததன்று. அதனைத் திரட்டல் மனிதர்க்கு அரிதென்பது வேறு செய்தி. 1980களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் ஹோக்கிங்கின் முடிபைக் கேட்டுத் தாமும் ஒல்லாந்து நாட்டறிஞர் ஜெராட் எட் ஹூஃப்டும் திடுக்குற்றதாகச் சஸ்கிண்ட் எழுதுகின்றார். போர் அன்று தொடங்கிற்றாம்.

பிறர் கொள்கையை அதன் முழு வலிமையோடும் நிறுத்திய பின்னரே மறுக்கப் புகுதல் தருக்க நூலோர் மரபு. அவ்வளவைக்கோலால் அளக்குமிடத்து இந்நூல் பெரும்பாலும் தேறுகின்றது. எதிரியை இழித்துரைக்கும் சொல் நூலில் இல்லை. ஹோக்கிங்கின் மேதையை ஆசிரியர் மனமார வியக்கின்றார். தம்முடைய பிடிவாதத்தையே ஆங்காங்கு நகையாடுகின்றார். ஆயினும் ஹோக்கிங்கின் வாதத்தினது உயிர்நிலை யாது? பெரிய கருந்துளையின் எல்லையில் வெளியின் வளைவு மிகச் சிறிது. அங்கே, அறியப்பட்ட விதிகள் பொய்த்தற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. கதிர்ப்பு அவ்வெல்லையிலே பிறக்கின்றது. முன்பு வீழ்ந்த பொருளோ எல்லையைக் கடந்து உள்ளே சென்றுவிட்டது. இரண்டிற்கும் தொடர்பு ஏது? ஆகவே ஹோக்கிங்கை மறுப்பவர், அவருடைய கணிப்பின் எவ்வரியில் பிழை நேர்ந்தது என்று காட்டுதல் கடன்.

சஸ்கிண்ட் கூறும் மறுப்பு இரண்டு. முதலாவது, 1993இல் அவரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட நிரப்புக் கொள்கை. வெளியே நிற்பவனுக்குத் தகவல் எல்லைப்பரப்பிலே பரந்து கிடந்து கதிர்ப்போடு மீள்கின்றது. உள்ளே வீழ்பவனுக்கோ எல்லையில் எவ்வித இடரும் இல்லை. தகவல் அவனோடு உள்ளே செல்கின்றது. ஒரே தகவல் இரண்டிடத்து இருத்தல் குவாண்டம் விதிக்கு மாறன்றோ எனின், அவ்விரண்டையும் காணவல்லவன் ஒருவனும் இலன். ஆதலின் முரண் இல்லை என்பது விடை. இரண்டாவது, 1997இல் ஹுவான் மல்டசேனா கண்ட பொருத்தம். குறித்த ஒருவகை அண்டத்தினுள் நிகழும் ஈர்ப்பு நிகழ்ச்சிகள் யாவும் அதன் எல்லையில் வழங்கும் ஈர்ப்பற்ற குவாண்டம் விதிகளோடு ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. எல்லையில் தகவல் அழிவதில்லை. எனவே உள்ளிருக்கும் கருந்துளையிலும் அழியாது. இதனோடு போர் முடிந்தது என்பர் ஆசிரியர். 2004இல் டப்ளின் நகர மாநாட்டில் ஹோக்கிங் தம் தோல்வியை ஒப்புக்கொண்டு, தம்மோடு பந்தயம் கட்டிய ஜோன் பிறெஸ்கிலுக்குப் பேஸ்போல் விளையாட்டுக் கலைக்களஞ்சியம் ஒன்றை வழங்கியது அம்முடிவுக்கு இட்ட முத்திரையாகத் தோன்றும்.

இங்கேதான் நூலின் குறை தலைகாட்டுகின்றது. கணக்குப் புத்தகத்தின் ஈற்றிலுள்ள விடைப்பக்கத்தைப் பார்த்து, ‘உன் விடை பிழை’ என்று மாணாக்கனுக்குச் சொல்லுதல் எளிது. செய்கையின் எவ்வரியில் அவன் வழுவினான் என்று காட்டும்வரையில் அக்கணக்குத் திருத்தப்பட்டதாகாது. மல்டசேனாவின் பொருத்தம் விடைப்பக்கம் போன்றது. ஹோக்கிங்கின் முடிபு பிழை என்று அது வலுவாக உணர்த்துகின்றது. பிழை எவ்விடத்தது என்று அது சொல்லவில்லை. மேலும், அப்பொருத்தம் தெளிவாக வாய்த்த அண்டம் விரைவுற்று விரியும் இவ்வண்டத்தினின்றும் வேறுபட்டது. ஹோக்கிங்கின் ஒப்புதலோ சான்றாகாது. அவரோடு ஒரே பக்கத்தில் நின்று பந்தயம் கட்டிய கிப் தோர்ன் அன்று ஒப்புக்கொள்ளவில்லை. வென்ற பிறெஸ்கிலே ஹோக்கிங்கின் உரை தமக்கு விளங்கவில்லை என்றார். பேரறிஞர் ஒருவர் ‘அழிந்தது’ என்றமையால் தகவல் அழியாதவாறே, அவர் ‘அழியவில்லை’ என்றமையாலும் அது காக்கப்படாது.

காலம் இக்குறையை விரைவிலேயே வெளிப்படுத்திற்று. 2012ஆம் ஆண்டில் அல்மெய்ரி, மறோல்ப், பொல்சின்ஸ்கி, சலி என்னும் நால்வர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தகவல் மீளுமாயின், கருந்துளை பாதியளவு தேய்ந்த பின் வெளிவரும் துணிக்கை ஒவ்வொன்றும் முன்பு வெளிவந்த கதிர்ப்போடு குவாண்டம் பிணைப்புக் கொண்டிருத்தல் வேண்டும். எல்லை இடரற்றதாயின், அதே துணிக்கை உள்ளிருக்கும் தன் இணையோடு முழுதும் பிணைந்திருத்தல் வேண்டும். ஒன்று இருவரோடு ஒருங்கே முழுதும் பிணைதல் குவாண்டம் விதியில் இல்லை. முன்னைய கதிர்ப்பை வெளியிலே திரட்டிய ஒருவன் பின்னர் உள்ளே வீழ்வானாயின், அவன் ஒருவனே இரண்டையும் காணத்தக்கவன். ‘இரண்டையும் காண்பவன் இலன்’ என்ற விடை இங்கே பயன்படாது போகின்றது. எல்லையிலே தீச்சுவர் ஒன்று நின்று வீழ்பவனை எரித்துவிடும் என்பதே எஞ்சிய வழியோ என்று அவர்கள் வினவினர். இவ்வினாவை எழுப்பியோர் பகைப்பாசறையைச் சார்ந்தோர் அல்லர். தகவல் அழியாது என்னும் கொள்கையைத் தொடக்கமாகக் கொண்டே வினவினர். நூல் முடிந்ததாக அறிவித்த வழக்கு நான்கு ஆண்டுகளுள் மீண்டும் திறக்கப்பட்டது. சஸ்கிண்டும் வாளாவிருந்திலர். அடுத்த ஆண்டிலேயே மல்டசேனாவோடு சேர்ந்து, குவாண்டம் பிணைப்பும் வெளியிடையே அமையும் இணைப்புவழிகளும் ஒன்றே என்னும் புதுக் கருத்தை வெளியிட்டார். நூலாசிரியரின் முடிவைவிட ஆராய்ச்சியாளரின் செயல் மேலானது.

2019இல் வழக்கு மற்றொரு படி முன்னேறிற்று. கதிர்ப்பின் எந்திரப்பி முதலில் ஏறிப் பின்னர் இறங்குதல் வேண்டும் என்று டொன் பேஜ் 1993இல் காட்டியிருந்தார். ஹோக்கிங்கின் கணிப்பில் அது இறுதிவரை ஏறியே செல்லும். ஜெவ் பெனிங்டனும், வேறொரு குழுவினரும் ஈர்ப்புக் கணிப்பைக்கொண்டே அவ்விறக்கத்தைப் பெற்றனர். ஹோக்கிங் கருதாது விட்ட சில பங்களிப்புக்கள் பிற்காலத்தில் மேலோங்குகின்றன என்பது அதன் சாரம். வழுவிய வரியை இது முதன்முறையாகச் சுட்டிற்று எனலாம். எனினும் இக்கணிப்புக்கள் எளிமைப்படுத்திய மாதிரிகளிலே செய்யப்பட்டன. ஒவ்வொரு துணிக்கையிலும் தகவல் எங்ஙனம் பொறிக்கப்படுகின்றது என்பது இன்றும் ஆராயப்படுகின்றது. ஹோக்கிங் 2018இலும் பெக்கன்ஸ்டைன் 2015இலும் மறைந்தனராதலின், இப்படியை அவர்கள் கண்டிலர்.

பரிசோதனையின் தீர்ப்பு யாது எனின், அது இன்னும் வந்திலது. சூரியத் திணிவுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினை ஒரு கோடியாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கினும் குறைவு. வானமெங்கும் நிறைந்துள்ள நுண்ணலைக் கதிர்ப்பின் வெப்பநிலையோ 2.7 கெல்வின். எனவே அத்தகைய கருந்துளை இன்று விடுவதினும் கொள்வதே அதிகம். 2015இல் முதன்முறையாக ஈர்ப்பலைகள் பதிவாயின. அப்பதிவைக்கொண்டு, இரு கருந்துளைகள் ஒன்றாகியபோது எல்லைப்பரப்புக் குறையவில்லை என்று 2021இல் ஆய்வாளர் காட்டினர். அது 1971ஆம் ஆண்டுத் தேற்றத்துக்குச் சார்பானது. தகவல் வழக்கில் எப்பக்கத்துக்கும் சாட்சி கூறுவதன்று.

ஆகவே ‘போர்’ என்னும் உருவகமே இந்நூலுக்கு வலிமையும் நோயும் ஆயிற்று. அது வாசகனை ஈர்க்கின்றது. கடினமான பொருளை இறுதிவரை படிக்கச் செய்கின்றது. ஆனால் போரிலே ஒருவர் பணிந்தால் மற்றவர் வென்றவராவர். விஞ்ஞானத்திலே எவர் பணிந்தாலும் வினா பணிவதில்லை. ஹோக்கிங் தவறினார் என்று கொள்ளினும், தகவற் கேள்வியை எழுப்பி ஒரு தலைமுறையை உழைக்கச் செய்தது அவர் தவறே. சரியான பல விடைகளினும் அது பயனுடைத்து.

மேல்வகுப்பு மாணாக்கர் இந்நூலைப் படித்தல் நன்று. எந்திரப்பியும் தகவலும் ஒன்றெனத் தெளிவதற்கு இதனிற் சிறந்த வழிகாட்டி அரிது. படிக்குங்கால் வெற்றி முழக்கத்தை ஆசிரியரின் உவகை என்று கொண்டு, வாதங்களை மாத்திரம் தராசில் இடுதல் வேண்டும். ‘யார் சொன்னார்?’ என்று கேட்பவனினும், ‘எவ்வரியில்?’ என்று கேட்பவனே இந்நூலால் முழுப்பயன் பெறுவான்.