கேக் மேனியா: வேகமா ஓடினால் கடை பிழைக்குமா?

சாண்ட்லாட் கேம்ஸ் 2006-ல் வெளியிட்ட 'கேக் மேனியா'வைச் சமீபத்தில் மறுபடியும் ஆடினேன். 2004-ல் வந்த 'டைனர் டாஷ்' சாப்பாட்டுக் கடையில் செய்ததை இது பேக்கரியில் செய்கிறது. ஆள் வந்ததும் மெனு கொடுக்கணும். கேட்ட வடிவத்தில் கேக் சுட்டு, ஐசிங் பூசி, மேலே அலங்காரம் வைத்து, கொடுத்து, காசு வாங்கணும். காத்திருப்பவருடைய இதயக் குறிகள் ஒவ்வொன்றாகக் குறையும், தீர்ந்தால் போயிடுவார்.

கதை இதுதான். ஜில் சமையல் படிப்பை முடித்து ஊர் திரும்புகிறாள். தாத்தா பாட்டி நடத்திய பேக்கரி மூடிக் கிடக்கிறது. பெரிய அங்காடி ஒன்று வந்ததுதான் காரணம். அதை மீட்கப் பணம் சேர்க்கணும் என்று தனிக் கடை போடுகிறாள்.

நல்ல தொடக்கம். ஆனா அந்த அங்காடி கதைப் படங்களோடு சரி. ஆட்டத்துக்குள்ள அது நம் வாடிக்கையாளரை இழுப்பதில்லை, விலையைக் குறைத்து அடிப்பதில்லை. நமக்கும் விலை வைக்கும் வேலை கிடையாது. மாவுக்கும் முட்டைக்கும் கணக்கில்லை, வாடகையும் இல்லை. சின்னக் கடையைப் பெரிய கடை அடிப்பது விலையிலும் மொத்தக் கொள்முதலிலும்தானே? ஜில்லுக்கு ஆட்டம் தரும் பதிலோ, இன்னும் வேகமா ஓடு என்பதுதான். சம்பாதித்ததில் வேகமான ஷூ வாங்கலாம், நல்ல ஓவன் வாங்கலாம். அப்போ தாத்தா பாட்டி மெதுவா நடந்ததாலதான் கடை போச்சா? ஆட்டம் அப்படிச் சொல்லவில்லை, ஆனா அதன் விதிகள் சொல்கின்றன.

இன்னொன்று, இதில் இருப்பது கல்லா முன்னால நிற்பவருடைய நேரம் மட்டும். பேக்கரிக்கு வேற நேரம் உண்டு. ஓவனிலிருந்து எடுத்த கேக் நல்லா ஆறணும்; சூட்டோடு பூசினால் ஐசிங் உருகி வழிந்துவிடும். ஈஸ்ட் போட்ட மாவு தானாகத்தான் உப்பும், நாம ஓடினாலும் அது அவசரப்படாது. அதைவிட முக்கியம், நாளைக்கு எத்தனை போகும் என்று முந்தின நாளே யூகித்து மாவு பிசையணும். மிஞ்சினால் நஷ்டம், பத்தாவிட்டால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். பேக்கரி நடத்துவதில் பயமே இந்த யூகம்தான். கேட்ட பிறகு சுட்டுக் கொடுக்கும் கடையில் அதுக்கு இடமே இல்லை.

ஆட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஒரு கேக் வேகும்போது இன்னொன்றுக்கு ஐசிங், இடையில் புதுசா வந்தவருக்கு மெனு என்று வேலைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் பழக்கம் நிஜச் சமையலறையிலும் உண்டு. அது கைக்கு வந்ததும் ஒரு சுகம் வரும், மறுக்கவில்லை. கடைக்கு ஒரு டிவி வாங்கி வைத்தால் காத்திருப்பவர் பொறுமை கொஞ்சம் நீளும். மொத்த ஆட்டத்திலும் நிஜக் கடைக்காரர் யோசிக்கக்கூடியது என்று எனக்குப் பட்டது அது ஒன்றுதான்.