நோட்டும் முடிச்சும்

அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் லாரி டேவிட்டிடம் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். எரிச்சலோ அவமானமோ நேர்ந்தால் அதில் ஒரு வரி ஏறும். ஜெரி சைன்ஃபெல்டோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ‘சைன்ஃபெல்ட்’ தொலைக்காட்சித் தொடரின் பல கதைகள் அப்படி அவர் வாழ்க்கையிலிருந்து வந்தவைதான். உதாரணத்துக்கு, 1984-85இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சிக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஓராண்டில் அவர் எழுதியவற்றில் ஒளிபரப்பானது ஒன்றே ஒன்று. பொறுமையிழந்து, தயாரிப்பாளரிடம் கத்திவிட்டு வேலையை உதறினார். வீடு திரும்பும்போதுதான் சம்பளம் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காததுபோல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்னாளில் ‘சைன்ஃபெல்ட்’டில் ஜெரியின் நண்பன் ஜார்ஜ் அதையே செய்கிறான். டேவிட்டுக்கு வேலை மிஞ்சியது, ஆனால் ஜார்ஜை முதலாளி துரத்திவிடுகிறார்.

இந்தக் கதையைச் சொல்லி, நோட்டுதான் அவருடைய மேதைமை என்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதிதான் சம்மதம். பட்ட அவமானத்தை மறக்காதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் நகைச்சுவை எழுதிவிடவில்லை. டேவிட்டின் கைவரிசை முடிச்சுப் போடுவதில் இருக்கிறது. 1994இல் வந்த ஓர் அத்தியாயத்தில், கடல் உயிரியல் நிபுணன் என்று பொய் சொன்ன ஜார்ஜ், கரையொதுங்கிய திமிங்கிலத்தைக் காப்பாற்றக் கடலில் இறங்க வேண்டியதாகிறது. அதன் மூச்சுத்துளையில் சிக்கியிருப்பது அதே அத்தியாயத்தின் வேறொரு கிளைக்கதையில் நண்பன் கிரேமர் கடலுக்குள் அடித்த கோல்ஃப் பந்து. அதை ஜார்ஜ் விவரிக்கும் அந்தப் பேச்சை டேவிட்டும் ஜெரி சைன்ஃபெல்டும் படப்பிடிப்புக்கு முந்தைய இரவில்தான் எழுதினார்கள். எந்த நோட்டிலும் அது இருந்திருக்க முடியாது.

நோட்டுக்குத் தீனி வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். ‘சைன்ஃபெல்ட்’டுக்கு ஆண்டுதோறும் புது எழுத்தாளர்கள் வந்து, தம் வாழ்க்கைக் கதைகளைக் கொட்டிவிட்டுப் போனார்கள். இது கொஞ்சம் கொடுமையான ஏற்பாடுதான்.

2000இல் தொடங்கிய, லாரி என்ற பெயரில் தானே நாயகனாக நடித்த ‘கர்ப் யுவர் என்துசியாசம்’ தொடரில் டேவிட் எழுதிய வசனத்தையே விட்டுவிட்டார். ஏழெட்டுப் பக்கக் கதைச்சுருக்கம். பேச்சு, நடிகர்கள் அந்த இடத்திலேயே பேசுவது. திக்கலும் குறுக்கே பாய்வதும் நிஜம்போல வந்தன. கூடவே, சண்டை என்றால் ஒரே வரியை ஆளாளுக்கு மூன்று முறை கத்துவதும் வந்தது. ஜெரியோடு உட்கார்ந்து சொல் சொல்லாகச் செதுக்கிய டேவிட்டை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நோட்டு மாறவில்லை, அதை வைத்திருந்தவர் பணக்காரராகிவிட்டார். ‘சைன்ஃபெல்ட்’டின் 1991 சீன உணவக அத்தியாயத்தில் நண்பர்கள் பசியோடு மேசைக்குக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. 2020இல் ‘கர்ப்’பில், ஆறிய காபி கொடுத்தவனைப் பழிவாங்க அவன் கடைக்குப் பக்கத்திலேயே லாரி ஒரு காபிக் கடை திறக்கிறார். முன்னது யாருக்கும் நேர்வது. பின்னது வசதி உள்ளவனின் பொழுதுபோக்கு. சிரிப்பு வருகிறது, சுருக்கென்று தைக்கவில்லை. விதிவிலக்கு 2007. நடுவானில் ஆட்டம்காணும் விமானத்திலிருந்து மனைவி பயந்துபோய் அழைக்கிறாள். லாரிக்கோ டிவி பெட்டியைச் சரிசெய்ய வந்தவன்மேல்தான் கவனம். அவள் பிரிந்துபோகிறாள். டேவிட்டின் சொந்த மணவாழ்வு முறிந்ததும் அதே ஆண்டில்தான்.

‘சைன்ஃபெல்ட்’டின் கடைசி அத்தியாயத்தை 1998இல் அவர்தான் எழுதினார். நாயகர்களை நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறைக்கு அனுப்பியதற்கு ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2024இல் ‘கர்ப்’ முடிந்தபோது அதே நீதிமன்றம், அதே தீர்ப்பு. இந்த முறை கூண்டில் லாரி. அவரைச் சிறையிலிருந்து வெளியே கூட்டிப்போக ஜெரி வருகிறார். 26 ஆண்டு வசவும் ஒரு வரியாக நோட்டில் இருந்திருக்கிறது.