கணவாய் ஏறினால் போதுமா? மாணவர்களின் மலைச் சைக்கிள் பயணங்கள்

கோடை விடுமுறை பிறந்ததும் மும்பைப் பக்கத்து மாணவர்கள் இமயமலைக்கு ரயில் ஏறுவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. முன்பு நடைப்பயணம் மட்டுமே இருந்தது. இப்போது மலைச் சைக்கிளும் சேர்ந்துகொண்டது. யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா நடத்தும் ஜலோரி கணவாய்ப் பயணம் இவற்றில் பெயர் பெற்றது. இமாச்சலத்தின் மண்டி மாவட்டத்தில், பியாஸ் ஆற்றங்கரையில் உள்ள ஔட் என்ற சிற்றூரில் கிளம்பி, பஞ்சார், ஜிபி, ஷோஜா வழியாக 3,120 மீட்டர் உயரமுள்ள கணவாய்க்கு ஏறுகிறார்கள். வழிகாட்டி முன்னே போக, மாணவர்கள் வரிசையாகப் பின்னே மிதிக்கிறார்கள். இதே பாணியில் சிறிதும் பெரிதுமாகப் பல பயணங்கள் நாடெங்கும் நடக்கின்றன.

இவற்றை மெச்சுவோர் பலர். ஆபத்து என்று பிள்ளைகளைத் தடுப்போரும் உண்டு. இரு தரப்பாரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்றிருக்கிறது. போய் வந்த மாணவர், வழிகாட்டி இல்லாத ஒரு நாளில், தன் ஊர்க் குன்றுக்கு நான்கு நண்பர்களை அழைத்துப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கூடியவராகியிருக்கிறாரா? வண்டியை ஆளுவது, பழுது பார்ப்பது, வானத்தையும் பாதையையும் கணிப்பது, களைத்தவரைக் கவனிப்பது, திரும்பிவிடலாம் என்று உரிய நேரத்தில் முடிவெடுப்பது ஆகிய ஐந்தும் சேர்ந்ததே வெளிப்புறத் திறன். இந்த அளவுகோலால்தான் இப்பயணங்களை எடைபோட வேண்டும்.

முதலில் நிறைகள். சைக்கிள், தலைக்கவசம், கூடாரம், உணவு எல்லாம் ஏற்பாட்டாளர் பொறுப்பு. சொந்தமாக ஒரு நல்ல மலைச் சைக்கிள் வாங்கப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும். அது இல்லாத மாணவரையும் இந்த ஏற்பாடு மலைக்குக் கொண்டுபோகிறது. மருத்துவச் சான்று கேட்பதும், மது, புகைக்கு இடமில்லை என்பதும், மரக்கட்டை எரிக்காமலே மாலைக் கூட்டம் நடத்துவதும் யூத் ஹாஸ்டல்ஸ் முகாம்களின் நல்ல மரபுகள். மகளைத் தனியே எங்கும் அனுப்பாத வீடுகள்கூட இந்த ஒழுங்கை நம்பி அனுப்புகின்றன. வாசல் திறக்காத பெண்ணுக்கு அதைத் திறந்துவிடுவது சிறிய காரியமல்ல.

உடல் கற்கும் பாடமும் மெய்யானது. ஔட்டிலிருந்து கணவாய் வரை ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் கூடுகிறது. கடைசிச் சில கிலோமீட்டர் செங்குத்து. கியரை ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே குறைக்காதவர், நடுவில் சங்கிலி முறுக்கிக்கொள்ள, இறங்கித் தள்ளுவார். இறக்கம் இன்னும் கண்டிப்பான வாத்தியார். இருக்கையை விட்டு இடுப்பைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, இரு பெடலையும் கிடைமட்டமாக நிறுத்தி, முழங்கையைத் தளர்த்தி, இரு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். பயத்தில் முன்பிரேக்கை மட்டும் இறுக்கினால் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவோம். பின்பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். வகுப்பறைக் கரும்பலகையில் எவ்வளவு எழுதினாலும் இது வராது. சரளைக்கல் வளைவில் விரல்கள் தாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

கூட்டாகப் போவதன் அறமும் இங்கே படிகிறது. கடைசியில் வருபவரின் வேகமே குழுவின் வேகம். 1941-ல் வேல்ஸின் அபர்டோவியில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான குர்ட் ஹான், கடலையும் மலையையும் குணத்தைச் செதுக்கும் கல்விக்கூடமாகக் கண்டார். மதிப்பெண்ணுக்காகவே வளர்க்கப்படும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கல்வி மிகவும் தேவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் குறைகளும் ஆழமானவை. முதன்மையான குறை, வழிகாட்டி எல்லாவற்றையும் தாமே செய்துவிடுவது. ஒரு பஞ்சரை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, ட்யூபை உருவி, துளையைத் தேடி ஒட்டி, டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். பழகிய கைக்குச் சில நிமிட வேலை. புதியவருக்கு அரைமணி ஆகலாம். முள்ளைப் பார்க்க மறந்து அடுத்த வளைவில் மீண்டும் காற்றுப் போகலாம். இருட்டுவதற்குள் முகாம் சேர வேண்டும் என்ற அவசரத்தில் வழிகாட்டி தாமே முடித்துத் தருகிறார். மாணவர் தண்ணீர் குடித்துவிட்டுப் புகைப்படம் எடுக்கிறார். எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது, மேகம் கறுத்தால் என்ன செய்வது என்ற முடிவுகளும் இப்படியே போகின்றன. நான் சொன்ன ஐந்தில், பழுது பார்ப்பது, கணிப்பது, முடிவெடுப்பது ஆகிய மூன்றும் மாணவர் கைக்கு வருவதே இல்லை. சான்றிதழ் மட்டும் வந்துவிடுகிறது.

இரண்டாவது, பாதை. ஜலோரி வழி, ஔட்டையும் லூரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 305. பேருந்தும் லாரியும் ஓடும் சாலையில் ஏறுவது கடினமான மலைப்பயணம்தான். ஆனால் வேர், பாறை, சேறு என்று ஒற்றையடிப் பாதையில் வண்டியை ஆளும் கலை வேறு. 1996 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறுவதும், 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் அருகே பொன்முடியில் ஆசியப் போட்டியாக நடந்ததும் அந்தக் கலைதான். ஒன்றின் பெயரால் மற்றொன்றைத் தருவது மாணவருக்கு நியாயமல்ல.

மூன்றாவது, முன்தயாரிப்பு. கடல் மட்டத்தில் வாழும் பிள்ளை இரண்டு நாள் ரயிலிலும் பேருந்திலும் போய், கியர் வண்டியை முதன்முதலாக மலையடிவாரத்தில் தொடுகிறது. 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாரையும் தாக்கலாம். ஏறுவதற்கு முன் ஓரிரு நாள் பழக்கம் கொடுப்பது நல்லதுதான்; வீட்டருகே பல வாரம் பெற வேண்டிய பயிற்சிக்கு அது ஈடாகாது.

நான்காவது, கண்காணிப்பு. இதே ஔட் பக்கத்தில், லார்ஜி அணைக்குக் கீழே, 2014 ஜூன் 8 அன்று முன்னெச்சரிக்கையின்றித் திறந்துவிடப்பட்ட தண்ணீர், சுற்றுலா வந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீ, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993-ல் நான்கு மாணவர்கள் இறந்ததும், 18 வயதுக்குட்பட்டோரை அழைத்துச் செல்லும் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று 1995-ல் தனிச்சட்டம் வந்தது. மகாராஷ்டிர அரசு 2021-ல் சாகசச் சுற்றுலாக் கொள்கை வெளியிட்டது. தாள் வந்துவிட்டது, பள்ளிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்பாட்டாளரிடம் கேள்வி கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. மலையேறுவோருக்கு உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் முறையான பயிற்சி நிலையங்கள் உண்டு. சைக்கிள் வழிகாட்டிக்கு அந்த அளவுக்கு வேரூன்றிய படிப்பு இங்கே இல்லை. நன்றாக ஓட்டுபவர் எல்லாம் நல்ல வழிகாட்டி ஆகிவிட முடியாது.

ஐந்தாவது, யாருக்குக் கிடைக்கிறது என்பது. கட்டணம் குறைவாக இருந்தாலும் ரயில் செலவு, காலணி, குளிராடை என்று கூடிக்கொண்டே போகும். அதிலும் விடுமுறையில் கடையிலோ பட்டறையிலோ வேலைக்குப் போகும் தாராவிப் பையனுக்கு, அந்த நாட்களின் கூலியும் சேர்ந்து நட்டம். தினமும் சுமை ஏற்றி மிதிக்கும் அவன் கால்களில் உள்ள பலம், பயணம் போகும் பலருக்கு இருக்காது. அவன் இந்தப் பயணங்களில் இல்லாதது அவனுக்கு மட்டுமல்ல, பயணத்துக்கும் குறை.

இந்தக் குறைகளுக்கு மருந்து மும்பையை அடுத்த அம்பர்நாத்திலேயே இருக்கிறது. 1060-ஆம் ஆண்டுச் சிவன் கோயிலால் அறியப்படும் இந்த ஊரைச் சுற்றி மலங்கட், தாவ்லி குன்றுகள். பத்லாபூரைத் தாண்டிக் கோண்டேஷ்வர், பார்வி அணைப் பக்கம். செம்பூர், மாட்டுங்கா, தாராவிப் பிள்ளைகள் லோக்கல் ரயிலில் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம். கரும்பாறை, செம்மண், ஓடைப் பாலம் எல்லாம் உண்டு. ஒரே பாதையில் அக்டோபரிலும் பிப்ரவரியிலும் ஓட்டிப் பார்த்தவருக்கு, ஒரே மண் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பது புரியும். மழைக்காலத்தில் போகக் கூடாது என்பதும் பாடம்தான். ஈர மண்ணில் சக்கரம் கிழித்த கோடு அடுத்த மழையில் வாய்க்காலாகிப் பாதையையே அரித்துவிடும். 2019 ஜூலை 27 அன்று உல்லாஸ் ஆறு பெருகி, பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகில் மீட்டார்கள். ரயிலையே நிறுத்திய தண்ணீர் சைக்கிளை என்ன செய்யும் என்பதை அந்த ஆற்றங்கரையில் நின்று சொன்னால் எந்த மாணவரும் மறக்க மாட்டார்.

வழிகாட்டிகளும் இங்கேயே உண்டு. இந்த மலைகளின் ஒவ்வொரு தடமும் தாக்கர், காத்கரி ஆதிவாசி மக்களுக்குத் தெரியும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 வழித்தடங்களோடு தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டம், உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களைப் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறது. அது சைக்கிளுக்கும் பொருந்தும் நல்ல முன்மாதிரி. ஊர் மக்களுக்கு வருமானம், வனத்துறையின் அனுமதி, மாணவருக்கு மலையைத் தெரிந்தவரின் துணை என மூன்றும் ஒன்றாகக் கூடும்.

என் தீர்ப்பு இதுதான். வழிகாட்டியோடு போகும் மலைச் சைக்கிள் பயணம் நல்ல வழக்கம். நிறுத்தக் கூடாது, வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். இமயமலை முதல் வகுப்பல்ல, தேர்வு. ஓராண்டு ஊர்க் குன்றுகளில் பழகி, பஞ்சரைத் தானே ஒட்டி, ஒரு நாளாவது குழுவை முன்நின்று நடத்தி, வழிகாட்டி பின்னே அமைதியாக வரும் நிலைக்கு உயர்ந்த பிறகே ஜலோரிக்கு அனுப்ப வேண்டும். பள்ளிகளும் கல்லூரிகளும் மும்பைத் தமிழ்ச் சங்கங்களும் பொதுவில் பத்து வண்டிகள் வாங்கி வைத்தால் ஏழைப் பிள்ளைகளுக்கும் வழி பிறக்கும். பெற்றோரே, அடுத்த முறை உங்கள் பிள்ளை பயணப் படிவத்தை நீட்டும்போது கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: வழிகாட்டிக்கு என்ன பயிற்சி, யாரிடம் முதலுதவிச் சான்று இருக்கிறது, என் பிள்ளை எந்த முடிவைத் தானே எடுக்கும்? தெளிவான பதில் வந்தால் தயங்காமல் கையெழுத்திடுங்கள்.