அருகிலேயே இருக்கும் நகல்

கணினியில் உள்ளதையெல்லாம் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் போட்டு வைப்பது இன்று ஊரெல்லாம் பரவிவிட்ட பழக்கம். கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர், டேலியில் கணக்கு எழுதுபவர், ஆய்வேட்டை முடிக்கப் போராடும் மாணவர், பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து சேர்க்கும் ஓய்வூதியர் என்று பலரிடமும் உள்ளங்கை அகலத்தில் ஒரு வன்தட்டு இருக்கிறது. ‘பேக்கப் இருக்கிறது’ என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள். அந்த நிம்மதியில் பாதிக்குத்தான் ஆதாரம் உண்டு என்பது என் கணிப்பு.

இந்தப் பழக்கத்துக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும். 500 ஜிபி படங்களும் வீடியோக்களும் இருப்பதாகக் கொள்வோம். வினாடிக்கு 100 எம்பி எழுதும் வன்தட்டில் அவை ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும். வினாடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகம் உள்ள இணைப்பில் அதையே கிளவுடுக்கு அனுப்பினால், இரவு பகல் இடைவிடாமல் ஓடினாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். வன்தட்டுக்கு மாதச் சந்தா கிடையாது. பாஸ்வேர்டு மறந்து கணக்கு முடங்கிப்போகும் கவலையும் இல்லை. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்திக்கொண்டது; அப்படிப்பட்ட கொள்கை மாற்றம் எதுவும் நம் அலமாரியில் இருக்கும் தட்டைத் தொட முடியாது. பொருள் நம் கையில் இருக்கிறது. அது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் நகல் எடுப்பதிலேயே பல தரம் உண்டு. ஆப்பிள் 2007-இல் கொண்டுவந்த டைம் மெஷின், கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தைய காலத்துக்கு வாரத்துக்கு ஒன்று என்று கோப்புகளின் பழைய நிலைகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த ஃபைல் ஹிஸ்டரியும் ஏறக்குறைய அந்த வேலையைச் செய்கிறது. முந்தாநாள் நன்றாக இருந்த அத்தியாயத்தை நேற்று தவறாக வெட்டிவிட்டால், இவற்றில் அதைத் திரும்ப எடுக்கலாம். பலர் இந்த வசதியைத் தொடுவதே இல்லை. ஃபோல்டரை இழுத்துப் போட்டு, ‘ரீப்ளேஸ்’ என்பதை அழுத்திவிடுகிறார்கள். கெட்டுப்போன கோப்பு நல்ல கோப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. பிழையும் அக்கறையோடு நகலெடுக்கப்படுகிறது.

இதைவிட மோசமானது கட்-பேஸ்ட். கணினியில் இடம் போதவில்லை என்று படங்களை வன்தட்டுக்கு மாற்றிவிட்டு அதையும் பேக்கப் என்று சொல்பவர்கள் ஏராளம். இருந்த ஒரே பிரதி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும், கீழே விழுந்தால் கெட்டுப்போகக்கூடிய ஒரு பொருளுக்கு மாறியிருக்கிறது. சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் முனையைக் கொண்ட கருவி அது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பழுதாகுமுன் அது எச்சரிக்கும் என்று நம்பவும் முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்று தெரியவந்தது.

இவையெல்லாம் பழக்கத்தைத் திருத்தினால் தீரக்கூடியவை. தீராத குறை வேறு: வன்தட்டு கணினியின் அருகிலேயே இருக்கிறது. வேகமும் மலிவும் உரிமையும் இந்த அருகாமையால் கிடைத்தவை. ஆபத்தும் அதே அருகாமையால்தான் வருகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, கரையோரத் தரைத்தள வீட்டில் மேசையில் ஒரு கணினியும் அதன் இழுப்பறையில் ஒரு வன்தட்டும் இருந்திருந்தால், இரண்டும் ஒரே வெள்ளத்தில்தான் கிடந்திருக்கும். திருடன் மடிக்கணினியை எடுக்கும்போது பக்கத்திலிருக்கும் வன்தட்டை விட்டுவிட்டுப் போவதில்லை.

கேபிளிலேயே செருகி வைத்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். 2017 மே மாதம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கிய வானாக்ரை என்ற பணயநிரல் (ரான்சம்வேர்), கணினியில் உள்ளவற்றோடு நிற்கவில்லை. இணைத்திருந்த வெளி வன்தட்டுகளில் இருந்த கோப்புகளையும் பூட்டியது. இங்கே ஒரு முரண் உண்டு. நகல் அன்றாடம் புதுப்பிக்கப்பட வேண்டுமானால் தட்டு செருகியே இருக்க வேண்டும். நகல் பிழைத்திருக்க வேண்டுமானால் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். ஒரே வன்தட்டால் இரண்டும் முடியாது. எவ்வளவு விலை உயர்ந்த தட்டானாலும், எந்த நிறுவனத்தின் தட்டானாலும் இது மாறாது.

தொலைவு என்ன செய்யும் என்பதற்கு ‘டாய் ஸ்டோரி 2’ நல்ல சாட்சி. 1998-இல், படம் தயாரிப்பில் இருந்தபோது, தவறுதலாக இட்ட ஒரு கட்டளையால் பிக்சார் கணினிகளில் இருந்த அதன் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைத் தேடிப் போனபோதுதான் அது சில காலமாக ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிய தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. படத்தை மீட்டெடுக்க அதுவே கைகொடுத்தது. பெரிய நிறுவனம், தேர்ந்த பொறியாளர்கள், எல்லாம் இருந்தும் கைகொடுத்தது வேறு கூரையின் கீழ் இருந்த பிரதிதான். ஒழுங்காக நடக்கிறது என்று நம்பியிருந்த பேக்கப்பை யாரும் திறந்து பார்க்காமல் விட்டதையும் இதில் கவனிக்க வேண்டும். நம் வீடுகளிலும் வன்தட்டில் ஏற்றுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. அதிலிருந்து மீட்டுப் பார்ப்பவர் அரிது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி இந்த இடத்தில்தான் பொருந்துகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்ற எல்லாராலும் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். செலவு கூடும், சலிப்பும் வரும். ஆனால் அதன் கடைசி உறுப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒற்றை வன்தட்டு பேக்கப் ஆரம்பத்துக்கு நல்லது, முடிவாகக் கொள்ளத் தகாதது என்பதே என் தீர்ப்பு.

ஆகவே இன்னொரு வன்தட்டு வாங்குங்கள். அதை பிட்லாக்கர் போன்ற மறைகுறியாக்க மென்பொருளால் பூட்டி, வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பித்த தட்டைக் கொடுத்துப் பழைய நகல் உள்ளதை வாங்கி வாருங்கள். அதற்கு முன் இந்த வாரமே, கையில் இருக்கும் வன்தட்டை வேறொரு கணினியில் செருகி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பார்த்துவிடுங்கள்.