விட்டுப் பிடிக்கிற ஆட்டம்

ஜானி சான் கையில் கிளாவர் ஜாக்கியும் கிளாவர் ஒன்பதும். எதிரே எரிக் சைடெல் கையில் கிளாவர் ராணி, ஆட்டின் ஏழு. இருவருக்கும் பொதுவாக மேசையில் விரிந்த முதல் மூன்று சீட்டுகள்: இஸ்பேட் ராணி, டைமன் எட்டு, ஆட்டின் பத்து. 1988ஆம் ஆண்டு, லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டம். ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் கட்டி உட்கார்ந்த 167 பேரில் மிஞ்சியவர்கள் இந்த இருவர்தான்.

எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி என்று சானுக்கு ஐந்தும் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. அந்த நிமிடத்தில் அதை வெல்ல வேறு கை கிடையாது. நம்மில் பெரும்பாலோர் என்ன செய்திருப்போம்? கை பரபரத்திருக்கும், சில்லுகளை அள்ளி நடுவே தள்ளியிருப்போம். சைடெலும் விழித்துக்கொண்டு சீட்டைக் கவிழ்த்திருப்பார். சான் அதைச் செய்யவில்லை. தன் பலத்தை மூடி வைத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குக் காத்திருந்தார். இஸ்பேட் இரண்டு வந்தது, அப்போது அவர் பந்தயம் கட்டாமல் விட்டார். கடைசியாக டைமன் ஆறு. ராணி ஜோடியை நம்பி சைடெல் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் தள்ளினார். சான் ஏற்றார். ஆட்டம் முடிந்தது. ஏழு லட்சம் டாலர், தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக உலகப் பட்டம்.

இந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவை எப்போது பார்த்தாலும் என் கண் சானின் சீட்டுகளிடம் போவதில்லை, அவர் செய்யாமல் விட்டவற்றிடம்தான் போகிறது. 1998இல் வந்த ‘ரவுண்டர்ஸ்’ படத்தில் மேட் டேமனின் பாத்திரம் இதே காட்சியைப் போட்டுப் பார்ப்பதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சைடெலை, எதற்கும் பாய்கிற முரடர் என்று சொல்ல முடியாது. அந்தக் கையை அவர் ஆடியதில் நியாயம் இருந்தது. ஆனால் பாய்கிற ஆளை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மேசைக்கு மேசை ஒரு முரட்டு ஆட்டக்காரர் இருப்பார். எந்தச் சீட்டு வந்தாலும் பந்தயத்தை ஏற்றுவார், ஏற்றியதற்கு மேல் ஏற்றுவார். பைத்தியக்காரத்தனம்போலத் தெரிந்தாலும் அதில் கணக்கு உண்டு. ஜோடியாக இல்லாத இரண்டு சீட்டு கையில் இருந்தால், முதல் மூன்று சீட்டு விரியும்போது மூன்றில் இரண்டு முறை நமக்கு ஒன்றும் சேராது. ஒன்றும் சேராதவன் பயப்படுவான். அந்தப் பயத்தைத்தான் முரடர் வசூலிக்கிறார்.

இவர் முன்னால் நாம் முதலில் பணிந்து பணிந்து சீட்டைக் கவிழ்ப்போம். அரை மணி நேரம் கழித்து ரோஷம் வந்து, ஒன்றுக்கும் உதவாத கையை வைத்துக்கொண்டு அவரைவிட வேகமாகப் பாய்வோம். இரண்டுமே அவர் விரும்புகிற ஆட்டம்.

தேர்ந்தவர் கை வேறு மாதிரி நகரும். நடுவில் நூறு ரூபாய் இருக்கிறது, முரடர் இன்னும் நூறு வைக்கிறார் என்று வையுங்கள். நாம் நூறு போட்டு ஏற்றால் ஜெயிக்கப்போவது இருநூறு. மூன்றில் ஒரு முறை நம் கணிப்பு சரியாக இருந்தாலே நட்டம் இல்லை. மூன்றில் ஒரு முறைக்கு மேல் வெறுங்கையோடு பாய்கிற ஆள் என்று தெரிந்துவிட்டால், வேறு யாரிடமும் கவிழ்த்திருக்கும் நடுத்தர ஜோடிகூட இவரிடம் காசு பார்க்கும். ஆனால் ஏற்பதோடு நிறுத்த வேண்டும். நடுத்தரக் கையை வைத்துக்கொண்டு மேலே ஏற்றினால் அவருடைய பொய்க் கைகள் எல்லாம் ஓடிவிடும், நம்மை வெல்லும் கைகள் மட்டும் எதிரே நிற்கும். இந்த நுணுக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் பொய் சொல்லட்டும், சொல்லிக்கொண்டே இருக்கட்டும் என்று இடம் கொடுக்க வேண்டும்.

அவரிடம் நாம் பொய் சொல்லக் கூடாது. கவிழ்க்கத் தெரியாதவரிடம் மிரட்டல் செல்லாது. முடிந்தால் அவருக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும். போக்கரில் முறை இடப்பக்கமாகப் போவதால், பெரும்பாலும் அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நாம் செய்யலாம். எல்லாக் கையிலும் பதுங்கவும் கூடாது. மேசையில் ஒரே பூவில் மூன்று சீட்டு சேரும் வாய்ப்பிருக்கும்போது பதுங்கினால் எதிராளிக்கு இலவசமாக வழி திறந்துவிடுகிறோம். சானுக்கு விரிந்த முதல் மூன்றும் வெவ்வேறு பூ. அவர் பொறுமைக்குப் பின்னால் அந்தக் கணக்கும் இருந்தது.

இந்தக் கலையின் மறு எல்லை ஸ்டூ உங்கர் என்ற ஆட்டக்காரர். 1990இன் உலக வெற்றியாளர் மன்சூர் மத்லூபியுடன் தனியாக மோதியபோது மேசையில் 3, 3, 7, ராஜா, ராணி. மத்லூபி மிச்சத்தையெல்லாம் தள்ளினார். உங்கர் கையில் பத்தும் ஒன்பதும், சொந்தமாக ஒரு ஜோடிகூட இல்லை. எதிராளி நாலு-ஐந்தோ ஐந்து-ஆறோ வைத்திருக்கிறார் என்று படித்து, வெறும் பத்தை நம்பி ஏற்றார். மத்லூபி காட்டியது ஐந்தும் நாலும். இதை யாரும் பின்பற்றச் சொல்ல மாட்டேன். பாய்ச்சலுக்குப் பின்னால் இருக்கும் வெறுமையை ஒரு மனிதன் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியும் என்பதே எனக்குப் போதும்.

பந்தயங்களுக்கு ஈடு கொடுத்து ஏற்றுக்கொண்டே இருந்தால் சில நாள் முரடரிடம் நிஜக் கையே இருக்கும், தோற்போம். அந்த வலியோடு அடுத்த கையிலும் அதே கணக்கைப் போடுவது சீட்டு அறிவைவிடக் கடினம். அதற்கு நிதானம் வேண்டும். சிகரெட் புகை சூழ்ந்த அந்தக் காலத்து மேசைகளில் வாசனைக்காக ஓர் ஆரஞ்சுப் பழத்தை அருகில் வைத்துக்கொள்வது சானின் வழக்கம். ஆட்டத்திலும் அதே நிதானம் தெரியும்.

அன்று தோற்ற சைடெல், 1987 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பின் நியூயார்க்கிலிருந்து வந்தவர். அவருக்கு அதுதான் முதல் பெரிய போட்டி. பிறகு அவரே பொறுமைக்குப் பேர்போன ஆட்டக்காரரானார். உலகத் தொடரின் போட்டிகளை வென்றவர்களுக்குத் தரும் காப்பில் தன் பத்தாவதை 2023இல் வென்றார். சானின் கணக்கும் பத்துதான்.