சுருக்கச் சரித்திரத்தின் உரைகல்

பொதுமக்களுக்கென்று சுருக்கமாக ஒரு நாட்டுச் சரித்திரம் எழுதுவது பெருங்கிரந்தம் எழுதுவதினும் அரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்; எதை விடலாம் என்று துணிவதற்கு எல்லாவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

திருவிதாங்கூரின் சரித்திரத்தை 1878-இல் வெளியிட்ட சங்குண்ணி மேனோன், அரச பரம்பரையின் வரிசையையே நாட்டின் கதையாகக் கொண்டார். 1906-இல் நாகம் ஐயா மூன்று பாகங்களாகவும், 1940-இல் வேலுப்பிள்ளை நான்கு பாகங்களாகவும் இயற்றிய சமஸ்தான மானுவல்கள் நிலம், வரி, ஜாதி முதலியவற்றையும் விரித்துரைத்தனவாயினும் சர்க்காரின் கண்கொண்டே அவற்றை நோக்கின. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையோ கல்வெட்டுகளைப் படித்துப் பழைய வேணாட்டரசர்களின் காலத்தை நிறுவ முற்பட்டார். தேரூர்க் கவிமணியும் சாசன ஆராய்ச்சியில் அவ்வழியே சென்றார். ஆதாரமின்றி எழுதலாகாது என்னும் நியமம் நம் பிரதேசத்தில் வேரூன்றியது இவர்களாலேயே.

புதிதாக ஒரு சுருக்க நூல் கைக்கு வந்தால், குளச்சலைப் பற்றிய பகுதியையே நான் முதலில் பார்ப்பேன். 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரை அங்கே முறியடித்தார் என்று மட்டும் சொல்லி நகரும் நூல் பரீட்சைக்கு உதவலாம், அறிவுக்கு உதவாது. மிளகு வியாபாரத்தின் ஆதிக்கம் யாருக்கு என்ற போட்டியே அந்த யுத்தத்தின் மூலகாரணம் என்பதையும், சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பின்னர் அம்மன்னரின் சேனையையே ஐரோப்பிய முறையில் பயிற்றி, 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார் என்பதையும் இரண்டே வாக்கியங்களில் கூறிவிடலாம். அவ்விரண்டு வாக்கியங்களுக்கு இடமில்லாத நூலில் வெற்றி மட்டும் இருக்கும், சரித்திரம் இராது.

இன்னொன்றும் பார்ப்பேன். மேலாடை அணியத் தடை என்னும் நெடுநாள் அவமானத்தை எதிர்த்துத் தென்திருவிதாங்கூர்ப் பெண்கள் நடத்திய தோள்சீலைக் கிளர்ச்சியும், அதன் பயனாக 1859-இல் பிறந்த அரச விளம்பரமும் இடம்பெறாத நூலை, அது எத்தனை அழகிய நடையில் அமைந்திருப்பினும், நாட்டுச் சரித்திரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள இயலாது. மன்னர்களுக்குப் பக்கங்களும் மக்களுக்கு அடிக்குறிப்பும் தருவது சுருக்கமன்று, பட்சபாதம்.

ஆளூரில் பிறந்த கே. கே. பிள்ளை, சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953-இல் ஆங்கிலத்தில் ஒரு பெருநூலை வெளியிட்டவர். தனியொரு கோயிலை அத்தனை நுணுக்கமாக ஆராய்ந்த அவரே பிற்காலத்தில் தமிழக வரலாற்றை மக்களும் பண்பாடும் என்ற நோக்கில் தமிழில் ஒரே நூலாக அடக்கித் தந்தார். இத்துறையில் நான் அளவுகோலாகக் கொள்வது அந்நூலையே.

குளச்சல் முதலிய கடற்கரை ஊர்களுக்கு இன்னும் அத்தகைய நூல் வேண்டும். வீட்டுப் பெட்டிகளில் பழைய ஓலைகளும் ஆதாரப் பத்திரங்களும் வைத்திருப்போர், அவை செல்லரிக்குமுன் ஆராய்ச்சியாளருக்கு அவற்றைக் காட்டுவார்களாக.